அண்ணி போட்டுக் கொடுத்த முகவரி

என் அண்ணிக்கு ஆட்களை முகம் பார்த்து அடையாளம் தெரியாது. எண் சொன்னால் உடனே தெரியும். தெருவில் எதிரே வருகிறவர் நலம் விசாரித்தால் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைப்பார். நாலடி தள்ளிப் போனதும் என் காதைக் கடிப்பார்.

"யாரு இவரு?"

"நம்ம ஆபீஸ்தான் அண்ணி. கணக்குப் பிரிவுல இருக்காரே."

"ஓ, முப்பத்தாறா! நல்ல மனுஷன். போகும்போது மெஷினை ஒழுங்கா அணைச்சுட்டுப் போவார்."

முப்பத்தாறு என்பது அந்த மனிதருடைய கம்ப்யூட்டரின் முகவரியில் கடைசி எண். அண்ணியிடம் நல்ல பெயர் வாங்க அது ஒன்றே வழி. நேர்மை, நாணயம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

நானும் அண்ணியும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறோம். ஊரிலுள்ள கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கிற நிறுவனம். என் இடம் புகார் மேசை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவருடைய அலறல் என் காதில்தான் வந்து விழும். அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டே, பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று திரையில் பார்த்து அனுப்பி வைப்பேன். அண்ணி அந்த ஆபீசின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள வழி பண்ணுகிறவர்.

அவர் சேர்ந்தது டெலிபோன் ஆபரேட்டராக. எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "யார் வேணும்? இருங்க, தர்றேன்" என்று நாள் முழுக்கச் சொல்கிற வேலை. ஒருநாள் அந்தப் பெட்டியையே கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அண்ணியைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு அனுப்புவதாகப் பேச்சு. அதே வாரம் புதுக் கேபிள் இழுக்க வந்த ஆளின் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணி பின்னாலேயே திரிந்தார். இது எதுக்கு, அது எதுக்கு என்று அவர் கேட்ட கேள்வியில் அந்த ஆள் நொந்து நூலாகி, "இவ்ளோ கேக்கறதுக்கு நீங்களே பண்ணிடலாம்மா" என்றாராம். கிண்டலாகத்தான் சொல்லியிருப்பார். அண்ணி அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டார். மாலை வகுப்புக்குப் போனார், பரீட்சையில் கோட்டை விட்டார், மறுபடி எழுதினார். "எல்லாம் அதே எக்ஸ்சேஞ்ச்தான். ஆளுக்கு ஒரு நம்பர், யார் யார்கூடப் பேசலாம்னு ஒரு கட்டுப்பாடு. அவ்ளோதானே" என்பார். இன்றுவரை ஆபீசில் அவருக்கு எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் பெயர்.

வேலையில் கறார் என்றால் அப்படி ஒரு கறார். புதுக் கட்டடத்துக்கு ஆபீஸ் மாறியபோது எல்லா மெஷினுக்கும் அவரே புதிதாக முகவரி போட்டார். கம்ப்யூட்டர் முகவரி என்பது புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். முதல் இரண்டும் வீட்டிலும் ஆபீசிலும் பெரும்பாலும் ஒன்றேதான். மூன்றாவது எண்ணைத் தெருவாகவும் நான்காவதைக் கதவு எண்ணாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். "வீட்டு ரௌட்டர் எல்லாம் கடையிலேர்ந்து வரும்போதே தெரு ஒண்ணு, இல்லைன்னா பூஜ்யம்னு வரும். நாளைக்கு யாராவது வீட்லேர்ந்து ஆபீசுக்குள்ள வரணும்னா ரெண்டு பக்கமும் ஒரே தெருவா இருந்து முட்டிக்கும். அதான் யாரும் போடாத நம்பரா, எழுபத்தேழு போட்டிருக்கேன்." எக்ஸ்சேஞ்ச் காலத்தில் அவருடைய சொந்த இணைப்பு எண் எழுபத்தேழு. அந்த எண்மேல் அவருக்கு ஒரு பாசம்.

இந்த நேரத்தில்தான் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்தேன். கணுக்கால் எலும்பு விண்டுவிட்டது. கட்டுப் போட்ட டாக்டர், கட்டுப் பிரிக்கும்வரை படியேறவும் கூடாது இறங்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கம்பெனியில் இரண்டு பேர் சம்பளம் வாங்குகிற வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் ஆபீசில் பாக்கி இல்லை. அண்ணனும் கீழ்வீட்டுக்காரரும் என்னை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டு வந்து வைத்தார்கள்.

எங்கள் மேலாளருக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். என் மேசைக்கு வேறொரு கிளையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்து உட்கார வைத்துவிட்டார். தற்காலிகமாம். இரண்டாவது வாரமே, அந்தப் பெண் சுறுசுறுப்பாக இருக்கிறாள், அவளையே வைத்துக்கொண்டால் என்ன என்று பேச்சு வந்தது. என் நாற்காலியில், நான் வாங்கிப் போட்ட மெத்தையில் உட்கார்ந்துகொண்டு சுறுசுறுப்பு!

எனக்கு ஏன் அவ்வளவு பதைப்பு என்றும் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொண்டவன் சரியில்லை என்று ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். ஒருநாள்கூட யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் வேலை என்று ஒன்று இருக்கிறவரைக்கும்தான் நான் அந்த வீட்டில் ஓர் ஆள். அது போய்விட்டால் பாரம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தோன்றிவிடும். நாத்தனார் கொடுமை கேள்விப்பட்டிருப்பீர்கள். அண்ணியின் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாத்தனாரின் கொடுமையை நினைத்துப் பாருங்கள், அது நாத்தனாருக்குத்தான்.

அண்ணி மேலாளரின் அறைக்குள் போய், "அவ வீட்லேர்ந்தே வேலை பார்ப்பா. நான் வழி பண்ணித் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம்" என்றாராம் அவர். "அதுக்குள்ள வரலைன்னா அந்தப் பொண்ணுக்கே அந்த சீட்."

வழி என்பது விபிஎன். வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர் இணையம் வழியாக யார் கண்ணிலும் படாமல் ஆபீசுக்குள் நுழைகிற தனிப்பாதை. என்னோடு இன்னும் நாலைந்து பேருக்கும் அது தேவைப்பட்டது. கணக்குப் பிரிவு முப்பத்தாறு அதில் ஒருவர். அப்படி வெளியிலிருந்து வருகிறவர்களுக்கென்று அண்ணி எழுபத்தெட்டு என்று ஒரு தனித் தெருவே ஒதுக்கினார். அதில் யாருக்கு எந்தக் கதவு எண் என்பதையும் அவரே போட்டார். "வர்றவங்களுக்கு வர்ற நம்பர்னு விட்டுடலாமே, தானாவே கொடுத்துக்கும்" என்று மேலாளர் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"நாளைக்கு ஏதாவது கோளாறுன்னா அந்த நம்பர்ல வந்தது யாருன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது? அவங்கவங்க நம்பர் அவங்கவங்களுக்கு" என்று அண்ணி முடித்துவிட்டார். எழுபத்தெட்டாம் தெருவிலிருந்து வருகிறவர்களில் என் எண்ணுக்கு மட்டும்தான் புகார் மேசையின் சர்வர் கதவைத் திறக்கும். ஆபீசுக்கு எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே, போனில் இருந்து இணையம் எடுத்து, ஒவ்வோர் எண்ணாக உள்ளே போய்ப் பார்த்தார். எல்லாம் திறந்தது.

திங்கட்கிழமை காலை எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து உள்ளே போனார்கள். நான் மட்டும் போகவில்லை.

போகவில்லை என்றும் சொல்ல முடியாது. இணைப்புக் கிடைத்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது. அண்ணி கொடுத்த எண் எனக்குக் கிடைத்துவிட்டது என்று திரையிலேயே காட்டியது. புகார்த் திரையைத் திறந்தால் மட்டும் அது வராமல் வேறெதுவோ வந்து நின்றது. போன் செய்தேன்.

"பச்சை எரியுது அண்ணி. நம்ம ஸ்கிரீன் வரலை. வேற ஏதோ பக்கம் வருது."

"வழி மாறிப் போகுது போல. உனக்கு வேற நம்பர் போடறேன், இரு."

வேறு எண் வந்தது. பச்சையும் எரிந்தது. புகார்த் திரை வரவில்லை. சாயந்தரம் அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். அப்போது அந்த வேற்றுப் பக்கமும் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, பதிலில்லை என்றது. சர்வர் பக்கம்தான் தடுக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். மறுநாள் அங்கே இருந்த கட்டுப்பாடுகளை எல்லாம் பிரித்து மேய்ந்தார். அதற்கடுத்த நாளும் அதே கதை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்ணி அதுவரை எங்கள் வீட்டிலிருந்து ஒருமுறைகூட ஆபீசுக்குள் போனதில்லை. "ஆபீஸ் வேலை ஆபீஸ் வாசலோட சரி" என்பது அவருடைய சட்டம். அதனால் ஊரில் இருக்கும் வீடுகளிலேயே அவர் யோசித்துப் பார்க்காத வீடு அவர் குடியிருக்கும் வீடுதான்.

வியாழக்கிழமை சாயந்தரம் நான் பொறுமை இழந்துவிட்டேன். "எல்லாருக்கும் வருது. எனக்கு மட்டும் ஏன் அண்ணி வரலை?" என்று கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை. அண்ணி எழுந்தார். அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார். அந்தச் சத்தத்திலேயே பதில் இருந்தது. அண்ணன் என்னையும் பார்த்து அடுக்களையையும் பார்த்து, இரண்டு பக்கமும் தனக்கு ஆபத்து என்று புரிந்துகொண்டு செய்தித்தாளை விரித்துக்கொண்டான்.

என் அண்ணன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். இயந்திரங்களோடு வருகிற கையேடுகளை மொழிபெயர்ப்பான். திரையில் படித்தால் பிழை கண்ணில் படாது என்று எல்லாவற்றையும் பிரிண்டரில் எடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்துவான். சாயந்தரம் வேலை முடிந்ததும் பிரிண்டரின் பிளக்கையே பிடுங்கிவிடுவான். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கொஞ்சம் கரண்ட் கசியும் என்பது அவன் கட்சி.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி ஆபீசிலிருந்து கூப்பிட்டார். குரல் தழைந்திருந்தது.

"இங்க பாரும்மா, நான் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. வேற ஏதோ பக்கம் வருதுன்னு சொன்னியே, இப்ப வருதா?"

"வருது."

"என்ன போட்டிருக்கு? ஒரு எழுத்து விடாமப் படி."

"கறுப்பு மை தீர்ந்துவிட்டது, மைப்பெட்டியை மாற்றவும்னு போட்டிருக்கு."

"என்னது?"

"மை தீர்ந்துடுச்சாம் அண்ணி. நம்ம ஆபீஸ் பிரிண்டர்ல என்னிக்குத்தான் மை இருந்தது? அதனாலதான் நான் அதைப் பெரிசா எடுத்துக்கலை."

"மை... மை..." என்று அண்ணி முணுமுணுத்தது கேட்டது.

"உங்க அண்ணன் என்ன பண்றாரு?"

"கறகறன்னு அச்சடிச்சுக்கிட்டு இருக்கான். எழுத்து மங்கலா வருதுன்னு காலையிலேர்ந்து புலம்பல்."

"அவரோட பிரிண்டரைப் பிடுங்கச் சொல்லு. பிடுங்கினதும் மறுபடி தட்டிப் பாரு."

கத்திச் சொன்னேன். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினான். தட்டினேன். மைப் பக்கம் காணாமல் போய், வெறும் வட்டம் சுற்றியது. மாட்டச் சொல்லித் தட்டினேன். கறுப்பு மை தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றது. நாலு நாளாக நான் ஆபீஸ் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, அடுத்த அறையிலிருந்த எங்கள் வீட்டுப் பிரிண்டரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஐயையோ" என்றார் அண்ணி. "ஐயையோ, வீட்டு ரௌட்டருக்கும் நான் எழுபத்தேழுதான் போட்டேன்!"

அந்த ரௌட்டர் வாங்கிய அன்று, கடைக்காரன் போட்டுத் தந்த எண் பிடிக்காமல், ஆசையாக மாற்றி வைத்தாராம். மாற்றியதையும் மறந்துவிட்டார். புகார் சர்வருக்கு ஆபீசில் எழுபத்தேழாம் தெருவில் என்ன கதவு எண்ணோ, அதே தெருவில் அதே கதவு எண்ணை எங்கள் பிரிண்டருக்கும் போட்டிருந்தார், கை பழகிப்போனதால். என் கம்ப்யூட்டர் எழுபத்தேழாம் தெருவைத் தேடியது. அது வீட்டுக்குள்ளேயே இருந்ததால் வாசலைத் தாண்டவே இல்லை. ஊரில் எந்த வீட்டோடும் முட்டக்கூடாது என்று தேடிப் பிடித்துப் போட்ட எண், ஊரில் ஒரே ஒரு வீட்டோடு முட்டியது.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில" என்றேன். நாத்தனாருக்கு இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும்.

"சொல்லு, சொல்லு. இன்னிக்கு நீ என்ன வேணாலும் சொல்லலாம்" என்றார் அண்ணி. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "எதையும் தொடாத. நான் வர்றேன்."

போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த ரௌட்டரின் கடவுச்சொல்லை அவர் தாலி கட்டிய கணவனுக்கே சொன்னதில்லை. மேலாளரிடம் ஒரு மணி நேர அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்தார். அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்தான். கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு நேரே ரௌட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். எழுபத்தேழை அழித்து வேறு எண் போட்டார். அடுத்த நிமிடம் வீட்டிலிருந்த அத்தனையும் செத்துப் போயின.

"நெட் போச்சு! ஏம்மா, நான் இன்னிக்கு அனுப்பியாகணும்!" என்று அண்ணன் அலறினான்.

"முதல்ல மை வாங்கிப் போடுங்க, அப்புறம் அனுப்பலாம்."

கொஞ்சத்தில் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. அண்ணி கம்ப்யூட்டரைத் தூக்கி என் மடியில் வைத்தார். "தட்டு" என்றார். தட்டினேன். பச்சை எரிந்தது. புகார்த் திரையைத் திறந்தேன். வட்டம் ஒரு சுற்றுக்கூட முழுதாகச் சுற்றவில்லை. ஊர் வரைபடம், மெக்கானிக்குகள் நிற்கும் இடங்கள், மேலே என் பெயர், எல்லாம் அப்படியே வந்தன. வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. ஒரு வாரமாக நான் சரியாக மூச்சே விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

என் பெயர் பச்சையாகிவிட்டதை அங்கே மேலாளரும் பார்த்திருக்க வேண்டும். அண்ணியின் போன் அடித்தது. "ஆமா சார்... ஆமா, வீட்லேர்ந்துதான்... இல்ல சார், தப்பு என்னோடதுதான், வந்து சொல்றேன்" என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து அந்தப் பொண்ணை அவ கிளைக்கே போகச் சொல்லிட்டாராம். சீட் உன்னோடதுதான்."

"பார்க்கலாம்னு சொல்லலையா?"

"சொல்லலை. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

சொல்லிவிட்டு என் கட்டிலுக்குக் கீழே, தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து ராத்திரி பூரா தூக்கமில்லை எனக்கு" என்றார். "உன் வேலை என் கையால போச்சுன்னா, நீ இந்த வீட்ல என்கூட எப்படி நிமிந்து பேசுவே? நீ அடங்கி ஒடுங்கி, 'சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி'ன்னு இருந்தா என்னால தாங்க முடியுமா? சண்டைக்கு யார் இருக்கா எனக்கு? உங்க அண்ணன் ஒரு ஆளா?"

அந்தப் பயம் என் ஒருத்தியுடையது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மணி அடித்தது. முதல் அழைப்பு. அலுவலகக் கட்டடம் ஒன்றின் லிஃப்டில், இரண்டு மாடிகளுக்கு நடுவே, ஒரு பெண் மாட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. விளக்கும் அணைந்துவிட்டது என்று அழுதார்.

"பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உட்காருங்க. உள்ள காத்து வரும், ஒண்ணும் ஆகாது" என்றேன். பேசிக்கொண்டே திரையைப் பார்த்தேன். பக்கத்துத் தெருவிலேயே ஒரு மெக்கானிக் இருந்தார். அனுப்பினேன். அவர் போய்ச் சேரும்வரை அந்த அம்மாவைப் பேச வைத்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், மதியம் சாப்பிட்டாரா என்று. அண்ணி தரையில் உட்கார்ந்தபடியே, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் நான் வேலை செய்வதை அவர் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

கதவைத் திறக்கிற சத்தம் என் காதில் கேட்டது. பிறகு அந்த அம்மாவின் குரல், வெளிச்சத்துக்கு வந்துவிட்ட குரல்.

"வந்துட்டேம்மா. வெளிய வந்துட்டேன். ரொம்ப நன்றிம்மா. நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?"

நான் அண்ணியைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்லேர்ந்துதாங்க பேசறேன்" என்றேன்.